மூன்று தடவை படித்தும் ஒன்றுமே படிக்காதவள்

உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியும். பரீட்சை நாளன்று காலையில் எந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாலும் நான்கைந்து பேரையாவது பார்க்கலாம். கண்ணுக்குக் கீழே கருவளையம், விரலில் பேனா மை, முகத்தில் சகலத்தையும் பறிகொடுத்த சோகம். "என்னம்மா, படிச்சாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ, ஒண்ணுமே படிக்கலை!" என்பார்கள். பத்து நாள் கழித்து விடைத்தாள் கொடுக்கும்போது அந்த அம்மணி எழுபதுக்கு அறுபத்தெட்டு வாங்கியிருப்பாள். ஒன்றுமே படிக்காமல் அறுபத்தெட்டு என்றால், ஏதோ கொஞ்சம் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுபதுக்கு நூற்றிருபதா?

உண்மையிலேயே படிக்காதவர்களை இவர்களோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உண்மையிலேயே படிக்காதவன் அழமாட்டான். வாசல் கடையில் நிம்மதியாக முட்டை பஃப்ஸ் தின்றுகொண்டிருப்பான்.

இந்த இனத்தின் பழக்கவழக்கங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். யாராவது பக்கத்தில் வந்தால் புத்தகத்தை மூடுவார்கள். தான் என்ன படித்தோம் என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் எதுவரை முடித்தீர்கள் என்று மட்டும் நைசாகக் கேட்பார்கள். "மூணு பாடம்" என்று நீங்கள் சொன்னால், "மூணா! நீ எங்கேயோ போயிட்டடி!" என்று நெஞ்சில் கை வைப்பார்கள். அந்தக் கைக்கு அடியில் நெஞ்சு ஆனந்தக் கூத்தாடிக்கொண்டிருக்கும். பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் "எல்லாம் போச்சு" என்பார்கள். போனது உங்கள் நிம்மதி மட்டுமே.

எனக்கு இந்த இனத்தில் நன்றாகத் தெரிந்தவள் ஸ்வாதி. திருப்போரூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் தெருவிலேயே, எதிர் வரிசையில் மாடி வீடு. அப்பா சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பதால் திருச்சியிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவள் அறையில் விடியற்காலை நாலு மணிக்கு விளக்கு எரியும். பால் வாங்கப் போகும் நான் தினமும் பார்ப்பேன். அவள் அம்மா பார்வதமோ, காய்கறி வண்டிக்காரரில் தொடங்கி கோயில் குருக்கள் வரை எல்லாரிடமும் ஒரே பல்லவி பாடுவார்: "எங்க ஸ்வாதி புஸ்தகத்தையே தொடமாட்டேங்கிறா சார்."

வகுப்பில் ஸ்வாதிக்கு எதிர்த்தரப்பு தமிழரசி. திருவிடந்தைக் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் தொடங்கி இப்போது ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அம்மா கன்னியம்மா மீன் விற்பவர். கோவளத்தில் ஒருமுறை, கேளம்பாக்கத்தில் ஒருமுறை என்று பஸ் மாறித்தான் தமிழரசி தினமும் பள்ளிக்கு வருவாள். ஒரு தடவை இயற்பியலில் இவள் முதலிடம் என்றால் அடுத்த தேர்வில் அவள் முதலிடம். இருவரும் ஒரே பெஞ்சு. தமிழரசியிடம் ஒரு பெரிய குறை இருந்தது: யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள்.

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை இயற்பியல். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும் ஸ்வாதி வழக்கமான கச்சேரியை ஆரம்பித்தாள். அன்றைக்கு என்னவோ குரல் கூடுதலாகவே சேர்ந்துவிட்டது. "சத்தியமா ஒண்ணுமே படிக்கலடி. ஏ.சி. சர்க்யூட்டுன்னாலே தலை சுத்துது. நான் ஃபெயிலுதான்" என்று கண்ணீரே விட்டாள். பக்கத்தில் இருந்த ஜாக்குலின் இதை நூறு முறை கேட்டவள். கொட்டாவி விட்டுவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள். தமிழரசி மட்டும் ஸ்வாதியின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஸ்வாதி மூன்றாவது ரிவிஷனை முடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தெருமுனையில் ஓர் உருவம், தோளில் புத்தகப் பை, விறுவிறுவென்ற நடை. தமிழரசி!

அடுத்த மூன்று நிமிடங்களில் அந்த அறையில் நடந்ததைத் தேர்தல் நேரத்துச் சோதனைக்குப் பயந்த பெரும்புள்ளிகள்கூடச் செய்திருக்கமாட்டார்கள். சுவரிலிருந்த சூத்திர அட்டைகள் கிழிந்து கட்டிலுக்கு அடியில் போயின. வினா வங்கிகள் அரிசி டிரம்முக்குப் பின்னால் போயின. கைப்பட எழுதிய ஐந்து ரிவிஷன் நோட்டுகளுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. ஸ்வாதி அவற்றை வாஷிங் மெஷினுக்குள் போட்டு மேலே ஒரு போர்வையைத் திணித்துவிட்டு, கதவைத் திறந்தாள்.

"இன்னாடி அப்பிடிப் பாக்குற?" என்றாள் தமிழரசி, மூச்சு வாங்க. "நேத்து நீ அழுத அழுகைல எனக்கு மனசே ஆறல. ஏ.சி. சர்க்யூட்டு ஒண்ணும் பெரிய வித்த இல்ல. ரெண்டு மணி நேரத்துல புரிய வெச்சிடறேன். உக்காரு."

ஸ்வாதி உட்கார்ந்தாள். வேறு என்ன செய்ய முடியும்?

சரியான பதில் தொண்டையில் துள்ளிக்கொண்டிருக்க, தப்பான பதிலைச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று நீங்கள் அனுபவித்திருக்கிறீர்களா? தமிழரசி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். ஸ்வாதி விழித்தாள், தலையைச் சொறிந்தாள், வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள். ஒவ்வொரு தப்புக்கும் தமிழரசி பொறுமையைக் கூட்டிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்துக்கே இறங்கிவிட்டாள். "பரவால்லடி, சில பேருக்கு மண்டைல ஏற லேட்டாவும்" என்று அவள் அன்போடு சொன்னபோது, வகுப்பில் முதல் மார்க் வாங்கும் ஸ்வாதியின் காது மடல்கள் சிவந்தன.

அந்த நேரத்தில்தான் பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மாடியிலிருந்து இறங்கி வந்த பார்வதம், மெஷினில் போர்வை கிடப்பதைப் பார்த்து, அதன் மேலேயே யூனிஃபார்ம்களைப் போட்டு, சோப்புத் தூளைக் கொட்டி, பட்டனை அழுத்திவிட்டார்.

தண்ணீர் விழுந்தது. ஸ்வாதி நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

"அப்ப கரண்டு முந்திப் போவுது, வோல்ட்டேஜு பின்னாடி வருது. சரியா?" என்றாள் தமிழரசி.

மெஷின் சுற்றத் தொடங்கியது. ஒரு பக்கம் மானம், மறுபக்கம் ஆறு மாத உழைப்பு. இரண்டு சுற்று வரை மானம் தாக்குப்பிடித்தது. மூன்றாவது சுற்றில் ஸ்வாதி வீறிட்டாள்.

"அம்மா! என் ரிவிஷன் நோட்டு! அஞ்சும் உள்ளே இருக்கும்மா!"

பார்வதம் ஓடிவந்தார். மெஷினை நிறுத்தி, போர்வையைத் தூக்கினால், உள்ளே நீல நிறத்தில் கஞ்சி. ஒரு நோட்டின் அட்டையில் மட்டும் எழுத்து தெரிந்தது: "இயற்பியல் – மூன்றாம் ரிவிஷன்." பார்வதம் பதற்றத்தில், "அடிப்பாவி, நாலு மணிக்கு எழுந்து எழுந்து எழுதினதாச்சேடி!" என்று எஞ்சியிருந்த திரையையும் விலக்கிவிட்டார்.

தமிழரசி அந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு ஸ்வாதியைப் பார்த்தாள்.

"அப்ப நீ படிச்சிட்டியா?"

"மூணு தடவை" என்றாள் ஸ்வாதி, தரையைப் பார்த்து.

"நானு வேவ் ஆப்டிக்ஸ்ல ஒரு பக்கம்கூடப் பொரட்டலடி. அத்த வுட்டுட்டு ஓடியாந்துகீறேன்." தமிழரசியின் குரல் ஏறவில்லை. "படிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிப் பூடும்? உன் மூளையப் புடுங்கினு போவப்போறனா நானு?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த இனத்தில் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, தோழியின் ஒரு நாள் வீணானதை மனசுக்குள் கணக்குப் போட்டுத் திருப்தி அடைவார்கள். ஸ்வாதிக்கும் அந்த நினைப்பு வந்தது. ஒரு நிமிஷம் இருந்தது என்று அவளே பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டாள். பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். "எங்கேடி போறே? நாளைக்குப் பரீட்சைடி!" என்று பார்வதம் வாசலிலிருந்து கத்தியது எங்கள் தெரு முழுக்கக் கேட்டது.

கேளம்பாக்கம் பஸ் கிளம்பும் நேரத்தில் தாவி ஏறி, தமிழரசி பக்கத்தில் உட்கார்ந்தாள். தமிழரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் தையூரைத் தாண்டியது.

"படிக்கலைன்னு சொல்லி மார்க் குறைஞ்சா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றாள் ஸ்வாதி கடைசியில். "படிச்சேன்னு சொல்லிட்டுக் குறைஞ்சா, நான் மக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்ல? அந்தப் பயம்தாண்டி."

தமிழரசி திரும்பிப் பார்த்தாள். "போன தபா கெமிஸ்ட்ரில நான் முப்பத்தெட்டு வாங்கினேன். விழுந்து விழுந்து படிச்சிட்டுதான் வாங்கினேன். நான் மக்கா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? எறங்கு, கேளம்பாக்கம் வந்துடுச்சி. கோவளம் வண்டி புடிக்கணும். வேவ் ஆப்டிக்ஸ் மொத்தமும் நீதான் சொல்லித் தரணும், ஆமா."

அன்று பிற்பகல் முழுவதும் திருவிடந்தைக் குப்பத்தில், கரையேற்றி வைத்திருந்த படகின் நிழலில் ஸ்வாதி பாடம் நடத்தினாள். நோட்டு இல்லை, தேவையும் இல்லை. வேவ் ஆப்டிக்ஸ் பாடத்தின் குறுக்கீட்டு விளைவை முற்றுப்புள்ளி உட்பட ஒப்பித்தாள். தமிழரசி குறுக்கே கேட்டாள்: "ரெண்டு வெளிச்சம் சேந்தா ஜாஸ்தியாத்தான ஆவணும்? எப்பிடி இருட்டாவுது?"

ஸ்வாதி மறுபடியும் ஒப்பித்தாள்.

"அத்தக் கேக்கல. ஏன்?"

மூன்று தடவை படித்தவளுக்குப் பதில் தெரியவில்லை. அவள் "தெரியலடி" என்றாள். இந்த முறை அது நிஜம். தமிழரசி கடல் பக்கம் திரும்பினாள். அங்கே அலையைத் தடுக்கக் கல் கொட்டிப் போட்டிருந்த தூண்டில் வளைவின் இரண்டு பக்கமிருந்தும் அலைகள் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. சட்டென்று எழுந்து கையை நீட்டினாள்.

"தோ பாரு! ரெண்டும் ஒண்ணா மேல ஏறி வந்தா எவ்ளோ ஒசரம் எழும்புது! ஒண்ணு ஏறி, ஒண்ணு எறங்கி வந்துச்சின்னா தண்ணி சும்மா அமுங்கிப் பூடுது. வெளிச்சமும் அலைதான? அமுங்கினா இருட்டு!"

ஸ்வாதி வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். இத்தனை நாள் மனப்பாடமாக இருந்தது அப்போதுதான் அவளுக்குப் பாடமாயிற்று.

மீன் கூடையோடு வீடு திரும்பிய கன்னியம்மா நின்றார். "இன்னா கண்ணு, படிக்க வந்துட்டு ரெண்டு பேரும் கடல வேடிக்க பாத்துகினு கீறீங்கோ?"

"படிச்சிகினுதாம்மா கீறோம்!" என்றாள் தமிழரசி.

விடைத்தாள் கொடுக்கும் நாள் வந்தது. இயற்பியல் ஆசிரியர் ஜானகிராமன் சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஸ்வாதி அறுபத்தாறு, தமிழரசி அறுபத்தாறு. ரெண்டு பேரும் முதல்" என்றார். வகுப்பு கைதட்டியது. இருவரும் தாளை மாற்றிக்கொண்டார்கள்.

எதிராளியின் தாளை ஸ்வாதி எதற்காகக் கூட்டிப் பார்த்தாள் என்று நான் சொல்ல வேண்டுமா? எங்காவது ஒரு மார்க் அதிகமாக விழுந்திருக்கும் என்ற நப்பாசைதான். ஒரே ஒரு நல்ல நாளில் எந்த வியாதியும் முழுசாகக் குணமாகிவிடுவதில்லை. கூட்டினாள். மறுபடி கூட்டினாள். அறுபத்தேழு வந்தது. மூன்று மார்க் கேள்வி ஒன்றுக்குப் போட்ட மார்க்கில் ஒன்று கூட்டலில் விட்டுப்போயிருந்தது. தமிழரசி கவனிக்கவில்லை, அவள் ஸ்வாதியின் தாளில் அலைகள் பற்றிய விடையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜானகிராமன் சார் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டே வந்தார். இன்னும் மூன்று பெஞ்சு. இரண்டு பெஞ்சு. ஸ்வாதி தாளை மடித்தாள், பிரித்தாள்.

"சார்" என்று எழுந்தாள். "தமிழரசிக்கு ஒரு மார்க் விட்டுப்போச்சு. அறுபத்தேழு."

சார் கூட்டிப் பார்த்துத் திருத்தினார். ஜாக்குலின் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தமிழரசி ஸ்வாதியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் நன்றி சொல்வது அப்படித்தான் போலிருக்கிறது.

"ரொம்ப ஆடாதே. ரிவிஷன் டெஸ்ட்ல உன்னைத் தாண்டிக் காட்டறேன். இன்னிலேர்ந்து தினம் ஆறு மணி நேரம் படிக்கப்போறேன், சொல்லிட்டேன்" என்றாள் ஸ்வாதி.

"நான் ஏழு" என்றாள் தமிழரசி.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட பார்வதம் இடிந்து உட்கார்ந்துவிட்டார். "உன்னை யாருடி கூட்டிப் பார்க்கச் சொன்னது?" என்று கேட்டார். ஸ்வாதி சாப்பிட்டுவிட்டு, அறைக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டே படிக்க உட்கார்ந்தாள். தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும்படி.

இதைப் படித்துவிட்டு, "நல்லவேளை, நான் பள்ளிக்கூடத்தைத் தாண்டி இருபது வருஷம் ஆகிறது" என்று பெருமூச்சு விடுகிறீர்களா? அவசரப்படாதீர்கள். இந்த இனத்துக்கு வயது வரம்பு கிடையாது. விருந்துக்கு முந்தின நாளிலிருந்து அடுப்படியில் வெந்துவிட்டு, "அவசரத்துல ஏதோ செஞ்சேங்க" என்று பரிமாறியது யார்? கண்ணாடி முன்னால் ஆறு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, மேடையேறி "நான் எதுவும் தயார் செய்துகொண்டு வரவில்லை" என்று ஆரம்பித்தது யார்? அதெல்லாம் போகட்டும். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரித்தாரே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். கதவுக்குப் பின்னால் நின்று உங்கள் பிள்ளை அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு பாடத்தை மட்டும் அது யாரும் சொல்லாமலே படித்துவிடும்.