சேற்று வாயுவும் மாமாவின் பிரஷரும்

தஞ்சாவூர்,
ஞாயிறு மதியம்.

மதிப்பிற்குரிய மாமா இராஜாங்கம் அவர்களுக்கு, மாப்பிள்ளை பரிதி வணக்கத்துடன் எழுதுவது. இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்திற்குச் செய்தி வந்தது. நலம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் தங்கள் நலம் நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து என்று அந்தச் செய்தியிலேயே இருந்ததால், விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை. போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், நான் போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

போனில் சொன்னவர் பக்கத்து வயல் இளையபெருமாள். "மாப்ள, ஒங்க மாமனாரு தழையுரத்துக்கு வெதச்ச தக்கைப்பூண்ட மடக்கி உழுதுட்டு தண்ணிய வடிய விடாம கட்டி வச்சிருக்காரு, தெருவே நாறுது, நேத்து நடவுக்கு வந்த பொம்பளைங்க மூக்கப் பொத்திக்கிட்டு திரும்பிப் போயிட்டாங்க, இவரு வரப்புல பிளாஸ்டிக் சேரப் போட்டு உக்காந்து மோந்துக்கிட்டிருக்காரு, வாய்யா ஒனக்கும் பிரஷர் இருக்குல்லன்னு என்னையும் கூப்புடுறாரு"ன்னு ஒரே கத்தல். நேத்து பிரஷர் பாத்துட்டு மாத்திரை போட்டீங்களான்னு கேட்ட நர்ஸம்மாகிட்ட, "எம் பொண்ணு சொன்ன மருந்து இதாம்மா"ன்னு வயலைக் காட்டுனீங்களாமே.

மதி சொன்னது உண்மைதான் மாமா. நர்சிங் காலேஜ்ல பாடம் எடுத்தவ தப்பா சொல்லுவாளா? பொங்கலுக்கு வந்தப்ப சாப்பாட்டுல உக்காந்துக்கிட்டு, "அப்பா, சேத்த மிதிச்சா குமிழி விட்டு அழுகுன முட்டையாட்டம் நாறுதுல்ல, அதே வாயு நம்ம ஒடம்புலயும் துளியூண்டு ஊறுது, ரத்தக்குழாயத் தளர்த்திவிட்டு பிரஷர எறக்குது"ன்னா. "அப்ப மாத்திரையத் தூக்கிப் போட்டுடலாமாடி"ன்னீங்க. அவ சிரிச்ச சிரிப்புல ரசம் புரையேறிடுச்சு. ஆனா அது ஒடம்பு தனக்குத்தானே தயார் பண்ணிக்கிற வாயு மாமா. வெளியில மோந்தா மருந்தாவாது, கூடிப்போனா விஷம். வண்டிப் புகையில இருக்கிற வாயுவும் ஒடம்புக்குள்ள இதே வேலையத்தான் செய்யுது, அதுக்காக மினி பஸ் சைலன்சர்ல மூக்க வச்சுக்கிட்டே பாபநாசத்துலேர்ந்து கும்பகோணம் போவீங்களா?

நீ மட்டும் ஒழுங்கான்னு கேக்காதீங்க. ஆஸ்பத்திரி பிரஷர் மெஷின் ரிப்பேர் பண்றதுதான் எம் பொழப்பு. சரி பண்ணிட்டு என் கையில கட்டித்தான் பாப்பேன். காய்ச்சல்னு படுத்த மதி எழுந்திரிக்காமயே போயி நாலு மாசமாச்சு, அன்னையிலேர்ந்து எல்லா மெஷினும் எனக்குப் பிரஷர கூடுதலாத்தான் காட்டுது. மூணு மெஷின பழுதுன்னு எழுதி அனுப்பிட்டேன். மேனேஜர் சதீஷ், "மெஷினெல்லாம் நல்லாத்தாம்ப்பா இருக்கு, நீ லீவு போடு"ங்கிறாரு. லீவு போட்டு வீட்ல என்ன பண்றது? ஒரு டம்ளர் காப்பி போடத் தெரியல, கை தானா ரெண்டு டம்ளருக்கு அளக்குது.

ஆகவே மாமா, மடையைத் திறந்து தண்ணீரை வடிய விடுங்கள். நடவை முடியுங்கள். முதலில் மாத்திரையைப் போடுங்கள். தங்கள் ரத்தக்குழாய்கள் தளர்ந்தும், தங்கள் பயிர் நிமிர்ந்தும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாப்பிள்ளை
பரிதி

பி.கு.: நாலாவது மெஷினையும் கட்டிப் பாத்துட்டேன். மெஷின்ல பழுது ஒண்ணுமில்ல, பிரஷர் எனக்குத்தான். டாக்டர் எனக்கு எழுதிக் குடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமலே கெடக்கு. மடையத் தொறக்காதீங்க மாமா. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும். வரப்புல எனக்கும் ஒரு சேர் போடுங்க. சாயங்கால பஸ்ஸுக்கு வர்றேன், இந்தக் கடுதாசிக்கு முன்னாடி நானே வந்துடுவேன். ரெண்டு பேரும் மாத்திரையப் போட்டுக்கிட்டு, அவ சொன்ன நாத்தத்த மோந்துக்கிட்டு உக்காந்திருப்போம். இளையபெருமாள் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. போனை அணைச்சுட்டேன்.