அதிர்வையாவின் செம்புக் குண்டு

பல்கலைக்கழக விருந்தினர் விடுதியின் படிக்கட்டில் கூட்டம் நெரிந்தது. மேலே சினிமா நடிகர் யாரும் வந்து தங்கவில்லை. எதையும் இலவசமாகக் கொடுக்கவும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் முனைவர்கள். வெப்ப இயக்கவியலில் புத்தகம் எழுதியவர் வியர்த்துக்கொண்டு நின்றார். நிகழ்தகவுப் பாடம் நடத்துகிறவர், "முன்னாடி நிக்கிறவருக்கே அதிர்ஷ்டம் எல்லாம் போயிட்டா நமக்கு மிச்சம் இருக்குமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் கையிலும் ஓர் இளநீலக் கோப்பு. ஏன் இளநீலம் என்று கேட்கக் கூடாது. கேட்டால் பலிக்காது.

மாடி அறையில் அதிர்வையா இருந்தார். சாமியார் என்று சொல்லிவிடாதீர்கள், அவருக்குக் கோபம் வரும். தாடி இல்லை, சடை இல்லை. கோட்டு போட்டிருந்தார். "நான் விஞ்ஞானிகளுக்கு விஞ்ஞானி" என்பார். நூலில் கட்டிய ஒரு செம்புக் குண்டுதான் அவருடைய ஆய்வகம். ஆராய்ச்சி விண்ணப்பத்தின் மேல் அதைத் தொங்கவிடுவார். குண்டு வட்டம் போட்டால் பாதுகாப்புத் துறையின் நிதி வீடு தேடி வரும். கோடு போட்டால் வராது. ராணுவ மேலிடத்தின் எண்ண அலைகளைக் குண்டு பிடித்துவிடுகிறதாம். எதிரி நாட்டு ரேடாரால் முடியாததை ஒரு முழம் நூல் சாதித்தது. எதிரிக்கு விவரம் போதவில்லை.

கோடு போட்டால் பரிகாரம் உண்டு. தலைப்பில் ஓர் எழுத்தைக் கூட்டலாம், ஆகாத சொல்லை எடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே மௌன விதி: விண்ணப்பம் போய்ச் சேருகிறவரை பாதுகாப்புத் துறையில் ஒருவரிடமும் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. விட்டால் அதிர்வு கசிந்துவிடும்.

நிதி கிடைத்தால் அதிர்வையாவால் கிடைத்தது. கிடைக்காவிட்டால் நீங்கள் எங்கோ வாயை விட்டிருக்கிறீர்கள். இப்படி ஓர் ஏற்பாடு மருத்துவர்களுக்கு வாய்த்தால் உலகத்தில் எந்த மருந்தும் தோற்காது. செத்தவன் எல்லாம் பத்தியம் மீறியவன்!

கட்டணம்? சேச்சே! "முன்னாடி ஒரு பைசா தொடமாட்டேன். நிதி வந்தா திட்டத்துல என்னை ஆலோசகராப் போட்டுடுங்க, போதும்." எவ்வளவு நேர்மை என்று பேராசிரியர்கள் உருகினார்கள். குளம் முழுக்கத் தூண்டில் போட்டவனுக்கு எந்த மீன் மாட்டினால் என்ன?

அந்த வரிசையின் வாலில் நின்றவர்தான் துருவார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. உப்புநீரில் கப்பலின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் காக்க ஒரு பூச்சைத் தேடித் தேடியே தலைமுடியைத் தொலைத்தவர் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் இது. பூச்சு ஏறக்குறைய கிடைத்துவிட்டது. நிதிதான் கிடைக்கவில்லை. இரண்டு முறை விண்ணப்பித்தார், இரண்டு முறையும் மறுப்பு. இந்த முறையும் வராவிட்டால் ஆய்வகத்தைக் காலி செய்து உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கப் போவதாகத் துறைத்தலைவர் சொல்லிவிட்டார். அறை போனால்கூடத் துருவார் தாங்கிக்கொள்வார். அவரை நம்பி, உப்புத் தொட்டிகளுக்கு நடுவே இளமையைக் கரைத்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவியின் முகத்தில் எப்படி விழிப்பது? அந்தப் பெண்ணின் உதவித்தொகையும் பட்டமும் அந்த அறையோடு போய்விடும்.

அதிர்வையா முதலில் துருவாரின் முகத்தைப் பார்த்தார். அதில் தோல்வி பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. குண்டு கோடு போட்டது.

"போன தடவை என்ன வார்த்தையை எடுக்கச் சொன்னேன்?"

"கப்பலை எடுக்கச் சொன்னீங்க ஐயா. அதுக்கு முந்தின தடவை துருவை."

"இன்னும் ஏதோ கனமா கிடக்கே... 'உப்பு' இருக்கா?"

"இருக்குங்கய்யா!" துருவார் மெய்சிலிர்த்தார். கோப்பு திறந்தேதான் கிடந்தது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"உப்பு கரைஞ்சிடும். நிதியும் கரைஞ்சிடும். எடுங்க."

துரு, கப்பல், உப்பு மூன்றும் போன பிறகு தலைப்பில் மிஞ்சியது இது: 'பரப்பு மேன்மைக்கான ஒருங்கிணைந்த உயர் அணுகுமுறை.' குண்டு வட்டம் போட்டது. துருவார் கண் கலங்கினார்.

வீட்டில் அவர் மனைவி அதைப் படித்துப் பார்த்தாள். பெரிய மருத்துவமனையில், புது மருந்துகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை அவளுக்கு.

"என்னங்க இது? அழகு நிலையம் ஆரம்பிக்கப் போறீங்களா?"

"கிண்டல் பண்ணாதேம்மா. குண்டு வட்டம் போட்டுடுச்சு."

"இதுல கப்பல் எங்க இருக்கு?"

"கப்பல்னு போட்டா முழுகிடும்னாரு."

"முழுகறது கப்பல் இல்லீங்க. இதோ, பாதுகாப்புத் துறையோட நிதி அறிவிப்புலேயே திட்ட அதிகாரியோட நம்பர் போட்டிருக்கே. அவங்களுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

துருவார் அவள் வாயைப் பொத்தாத குறைதான். "ஐயையோ! அதிர்வு கசிஞ்சிடும்!"

"சட்டை தைக்கிறவர்கூட அளவு எடுத்துட்டுத்தான் துணியை வெட்டறாரு. நீங்க யாருக்குத் தைக்கிறோம்னே தெரியாம ரெண்டு தடவை தைச்சு அனுப்பியிருக்கீங்க."

"அப்போ எங்க பக்கத்து ஆய்வகத்துல ட்ரோன் செய்யறாரே, அந்த ட்ரோன் வாத்தியாருக்கு மட்டும் நிதி எப்படிக் கிடைச்சுது? அவருக்கும் இந்தக் குண்டுதானே வட்டம் போட்டுது?"

"உங்களுக்கும்தான் ரெண்டு தடவை போட்டுது! காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. உங்க காக்கா மரத்துக்கு மரம் உக்காருது, ஏதோ ஒண்ணுல பழம் விழத்தான் செய்யும்." அவள் விண்ணப்பத்தை மூடிவைத்தாள். "எங்க ஆஸ்பத்திரில புது மாத்திரை வந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா? ஒரு டப்பால மருந்து, இன்னொண்ணுல வெறும் சர்க்கரை. எது எதுன்னு கொடுக்கறவங்களுக்கும் தெரியாது, முழுங்கறவங்களுக்கும் தெரியாது. முடிவு வந்தப்புறம்தான் பிரிச்சுப் பார்ப்போம். உங்க ஐயாவையும் ஒரு டப்பால போட்டுப் பார்க்கட்டுமா?"

துருவார் பதறினார். பிறகு, ஆய்வு மாணவி அன்று மாலை உப்புத் தொட்டியைக் கழுவிக்கொண்டே, "சார், இந்த வாட்டி வந்துடும்ல?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. "சரி, பாரு. ஆனா மரியாதையா பாரு" என்றார்.

அதிர்வையாவைப் பாராட்டத் துறைத்தலைவர் கருத்தரங்கக் கூடத்தில் ஒரு கூட்டம் வைத்திருந்தார். மாலை, மைக், பேனர் எல்லாம் உண்டு. துருவாரின் மனைவி எழுந்து மிகுந்த பணிவோடு கேட்டாள்: "ஐயா, கவரைப் பிரிக்காமலே உள்ள இருக்கற புரோபோசல் தேறுமா தேறாதான்னு உங்க குண்டு சொல்லிடுமாமே?"

"கவர் என்னம்மா, காங்கிரீட் சுவருக்குப் பின்னாடி இருந்தாலும் சொல்லும்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவள் பையிலிருந்து ஒரே மாதிரியான நான்கு பழுப்பு உறைகளை எடுத்தாள். "இதையெல்லாம் ஒட்டினது ஆய்வு மாணவி. அவ வெளியில நிக்கிறா. எதுல என்னன்னு எனக்கே தெரியாது. தலைவர் சார், நீங்களும் ஒரு தடவை கலைச்சு வைங்க."

துறைத்தலைவர் சீட்டாட்டப் பழக்கத்தில் அழகாகக் கலைத்தார்.

அதிர்வையா வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தார். விடை தெரியாத முகத்தில் என்ன தெரியும்? துறைத்தலைவரைப் பார்த்தார். அங்கே எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு குண்டைத் தொங்கவிட்டார்.

முதல் உறை: கோடு. இரண்டாவது: கோடு. மூன்றாவது: கோடோ கோடு. "இது ஜென்மத்துக்கும் தேறாது. எழுதினவர் வேற தொழில் பார்க்கலாம்" என்றார். நாலாவது உறையின் மேல் குண்டு தட்டாமாலை சுற்றியது.

"ஆகா! உயரம் தெரியுது! சரசரன்னு மேலே போகுது... சர்ருன்னு கீழே வருது!"

"ஏவுகணை!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"நான் சொல்லல, அவர் சொல்றார்!" என்றார் அதிர்வையா. "இந்த வருஷத்தோட பெரிய நிதி இதுக்குத்தான்."

துருவாரின் மனைவி அந்த உறையைப் பிரித்தாள். மைக்கில் வாசித்தாள்: "குடியிருப்போர் கவனத்திற்கு. லிப்ட் பழுதுபார்க்கப்படுவதால் அனைவரும் படிக்கட்டைப் பயன்படுத்தவும். குழந்தைகள் பொத்தான்களை அழுத்தி விளையாட வேண்டாம்."

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது தொற்றுநோய் மாதிரி முன்வரிசைவரை வந்தது.

முதல் இரண்டு உறைகளில் துருவாரின் பழைய விண்ணப்பங்கள் இருந்தன. "தேறாதுன்னு சரியாத்தானே சொன்னேன்!" என்றார் அதிர்வையா.

"இதே ரெண்டுக்கும் அப்போ வட்டம் போட்டீங்களே ஐயா?" துருவாரே கேட்டுவிட்டார். ஐயாவைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டுவிட்டார்.

மூன்றாவது உறையில் துறை அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்த ஒரு நகல் இருந்தது. அதைப் பிரித்ததும் ட்ரோன் வாத்தியார் துள்ளி எழுந்தார். "யோவ், அது என்னோடது! நிதி வந்த புரோபோசல்! ஜென்மத்துக்கும் தேறாதா?"

"கவர்ல ஒட்டின பசை அலையைத் தடுக்குது" என்றார் அதிர்வையா.

"காங்கிரீட்டைத் தாண்டும், பசையைத் தாண்டாதா? பரவால்லீங்க. பசையே வேண்டாம்." அவள் ட்ரோன் வாத்தியாரின் விண்ணப்பத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள். "அலை குண்டுக்குத்தானே வருது, உங்க விரலுக்கு இல்லையே? நூலை இந்த மைக் ஸ்டாண்டுல கட்டிடுவோம்."

கட்டினார்கள். எல்லாரும் பார்த்தார்கள். குண்டு ஒரு தடவை தயங்கி, அடங்கி, செங்குத்தாக நின்றது. வட்டமும் இல்லை, கோடும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது உண்மை பேசியது: பூமி கீழே இருக்கிறது. ஒரு கொத்தனார் கையில் கிடைத்திருந்தால் இத்தனை நாளில் நாலு சுவராவது நேராக நின்றிருக்கும்.

ட்ரோன் வாத்தியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிடறேன். நான் விதியை மீறினேன். அனுப்பறதுக்கு முன்னாடியே அதிகாரிக்குப் போன் பண்ணி, என்ன தேவைன்னு கேட்டு, அதைத்தான் எழுதினேன். ஐயாகிட்ட சொல்லப் பயம். நிதி வந்ததும் வாக்குத் தவறக் கூடாதுன்னு 'அதிர்வு ஆலோசகர்'னு இவருக்குச் செலவு எழுதினேன். இப்போ தணிக்கைக்காரங்க, எது அதிர்ந்ததுன்னு கேக்கறாங்க. நான்தான் அதிர்ந்து போயிருக்கேன்!"

சிரிப்பு அடங்கியபோது மேடையில் அதிர்வையா இல்லை. மாலை இருந்தது. குண்டு, பாவம், மைக் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை துருவார் தொலைபேசியை எடுத்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அதிர்வு கசிந்தால் துடைக்க ஒரு துணியைக் காட்டினாள்.

மறுமுனையில் திட்ட அதிகாரி அம்மையார் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கத்தியே விட்டார். "துருவா? சார், எங்க கப்பல் முழுக்கத் துருதான்! உங்க பழைய விண்ணப்பம் ரெண்டும் ஞாபகம் இருக்கு. தரைக்கு பாலிஷ் போடற விஷயம்னு நினைச்சேன். துருன்னு எழுதறதுல உங்களுக்கு என்ன வெட்கம்?"

"அது... ஒருத்தர் சொன்னாரு..."

"முதல்ல ரெண்டு பக்கத்துல சுருக்கமா அனுப்புங்க. யாருக்குப் பயன், இப்போ இருக்கற பூச்சைவிட இதுல என்ன உசத்தி, பலிச்சுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது. அவ்வளவுதான். எதை வெளியிடலாம், எதைக் கூடாதுன்னு முன்னாடியே பேசிக்கலாம். நிதி வந்தா, கேட்டது எதுக்கோ அதுக்குத்தான் செலவு பண்ணணும், அறிக்கை நேரத்துக்கு வரணும். இதுக்கெல்லாம் பயந்தீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க."

"பயமா? இல்லவே இல்லைங்க. இத்தனை நாள் தப்பான ஆளுக்குப் பயந்தேன்."

இரண்டு பக்கம் போனது, கேள்விகளோடு திரும்பி வந்தது. துருவாரும் ஆய்வு மாணவியும் திருத்தி எழுதினார்கள். மறுபடி கேள்வி, மறுபடி திருத்தம். கடைசியில் நிதி வந்தது. கேட்டதைவிடக் குறைவுதான். ஆனால் உடைந்த நாற்காலிகள் வேறு அறை தேடிப் போயின. ஆய்வு மாணவி தொட்டியில் புதுத் தகடு ஒன்றை இறக்கினாள். வெள்ளைச் சுண்ணக்கட்டியால் தொட்டிமேல் கொட்டை எழுத்தில் 'துரு' என்று எழுதிவைத்தாள். துருவார் அதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினார். உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னார்.

செய்தி பரவியது. ஆய்வகத்து வாசலில் கூட்டம் கூடியது. நிகழ்தகவு வாத்தியார்தான் முதலில் நின்றார். இந்த முறை கையில் கோப்பு இல்லை, பேனா இருந்தது. துருவாருக்குப் பெருமை தாங்கவில்லை. நம் ஆட்கள் திருந்திவிட்டார்கள்!

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த அதிகாரிக்கு எந்தக் கிழமை போன் பண்ணீங்க? எந்தத் திசையைப் பார்த்து நின்னீங்க?"

இரும்பில் பிடிக்கிற துருவுக்குப் பூச்சு வந்துவிட்டது, ஐயா. மண்டைக்குள் பிடிக்கிற துருவுக்கு வெளியிலிருந்து யாரும் எதையும் பூச முடியாது. அவரவர் மண்டையை அவரவரேதான் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்துத்தான் பாருங்களேன். அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை!