ஆப்சென்ட் அக்கா

திண்டிவனம் பக்கத்தில் போலீஸ் ஜீப்பைப் பார்த்து ஒதுங்காத வீரர்கள் இருக்கலாம். ஆப்சென்ட் அக்காவின் போனுக்குப் பயப்படாதவர் ஒருவரும் கிடையாது. கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற கிளினிக்குக்கு வராமல் வீட்டில் படுத்திருந்த ஒருவர், அக்காவின் நம்பரைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாராம். போனுக்குக் கண் இல்லை என்பது அந்த அவசரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது நான் விழுப்புரத்தில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு சின்ன சர்க்கரை நோய் கிளினிக்கில் டாக்டராக இருந்தேன். முன்மேசையில் அக்கா. ஐம்பது வயதிருக்கும். வந்த நோயாளிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். வராதவர்கள் பெயரை மட்டும் ஒரு நீள நோட்டில் எழுதி, சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சத்தமாக வாசிப்பார். அதனால் வந்த பெயர்தான் ஆப்சென்ட் அக்கா. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

நான் சென்னையில் படித்துவிட்டு வந்தவன். பத்து மணி என்றால் பத்து மணி என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் பத்து மணிக்கு நானும் மின்விசிறியும் மட்டும்தான் ஆஜர். பத்து மணிக்காரர் மூன்று மணிக்கு வந்தார். மூன்று மணிக்காரர் மறுநாள் வந்தார். மறுநாள் வர வேண்டியவர் தன் மச்சினியை அனுப்பிவைத்தார்.

"மாமாவுக்கு வேலை இருக்குதாம் டாக்டரு. என்னையப் பாத்துட்டு அவுருக்கு மாத்திரை எழுதித் தரச் சொன்னாரு."

நினைவூட்ட மெசேஜ் அனுப்பினேன். அது இங்கிலீஷில் போனது. பாதிப் பேர் ரீசார்ஜ் விளம்பரம் என்று அழித்துவிட்டார்கள். அக்காவோ இத்தனை மணி என்றே சொல்லமாட்டார். "எந்த பஸ்ல வருவீங்க? பால்காரரு ஏர்ற பஸ்ஸா, இஸ்கூல் புள்ளைங்க ஏர்ற பஸ்ஸா?" என்று கேட்டு, அதற்கேற்ப என் கம்ப்யூட்டரில் நேரத்தை மாற்றிப் போடுவார். கொஞ்சம் பேர் வரத் தொடங்கினார்கள். என் படிப்புக்கு அது பெரிய அவமானம்.

அப்படியும் வராதவர்களை அவர் பிடிக்கும் விதம் தனி. முதல் போன் அந்த ஊர் டீக்கடைக்குப் போகும். அடுத்தது வராதவரின் மாமியார் வீட்டுக்கு. கடைசியாகத்தான் அவருக்கே.

நான் பதறிப்போனேன். "அக்கா, பேஷன்ட் விஷயத்த வெளியில சொல்லவே கூடாது. தப்பு."

"நான் இன்னா சொன்னேன் டாக்டர்? அண்ணன் இன்னிக்கு ஏன் வரலன்னு கேட்டேன். கேக்கறதுகூடவா தப்பு?"

சாயங்காலத்துக்குள் ஊரே அந்த அண்ணனைக் கேட்டு முடித்திருக்கும். பஸ் ஏறுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.

இந்த வித்தை பலிக்காத ஒரே ஆள் ஏழுமலை. பெருமுக்கல் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறவர். மல்லாட்டை என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. வலது கால் சுண்டுவிரலில் புண். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போவதால் வலி தெரியாது. வலி தெரியாததால் வரமாட்டார்கள், வராததால் விரல் போகும். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி என் நாக்குதான் மரத்துப்போனது. இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டு மாற்றவில்லை என்றால், விழுப்புரத்துக்கு அனுப்பி விரலை எடுக்க வேண்டியதுதான் என்று அவரிடமும் சொன்னேன்.

"செரிங்க டாக்டரு, கண்டிப்பா வர்றேன்" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

வரவில்லை. முதல் தடவை சம்பந்தி வீட்டு விசேஷம். இரண்டாம் தடவை அமாவாசை. மூன்றாம் தடவை என்ன காரணம் என்று விசாரிக்க அக்கா டீக்கடைக்குப் போன் செய்தார். கடையே திறக்கவில்லை. டீக்கடைக்காரரும் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தார். மாமியாரும் கொல்லையில்தான், அதாவது மல்லாட்டை நிலத்தில்தான், இருந்தாராம். ஊரில் கேட்பதற்கு ஒரு ஆள் மிச்சமில்லை.

மூன்று முறை வராதவர் பெயர் நீக்கப்படும் என்று நான் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தேன். அதன் மேல்தான் அக்கா தினசரி காலண்டரை மாட்டியிருந்தார். அன்றைக்குக் காலண்டரைத் தூக்கி அந்த அறிவிப்பைக் காட்டினேன்.

"மூணு ஆயிடுச்சு அக்கா. பேரை அடிச்சிடுங்க. என்னால முடியல. அது என் காலா, அவர் காலா?"

"யாரும் சும்மா வராம இருக்கமாட்டாங்க டாக்டர்."

"என்ன காரணமா இருந்தா எனக்கென்ன? விரல் போனா போகட்டும்."

சொன்ன பிறகு எனக்கே வாய் கசந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு சலிப்பு.

மறுநாள் அக்கா வரவில்லை. சேர்ந்த நாளிலிருந்து லீவு எடுக்காத மனுஷி. போனையும் எடுக்கவில்லை. யார் எந்த பஸ்ஸில் வருவார்கள் என்று தெரியாமல் ஐந்து பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டேன். ஐந்து பேரும் என்றைக்கும் இல்லாத ஒழுக்கத்தோடு சரியாக வந்து சேர்ந்து சண்டை போட்டார்கள்.

மூன்று மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. காலில் பாலித்தீன் பை கட்டிய ஏழுமலை நொண்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே அக்கா. முழங்கை வரைக்கும் மண்.

"எங்க அக்கா போனீங்க?" என்றேன்.

ஏழுமலை முந்திக்கொண்டார். "அத்த ஏன் கேக்குறீங்க டாக்டரு! காலைல மொத பஸ்ல வந்து எறங்கிச்சு இந்தம்மா. ஆளு கெடைக்கல, மழை வந்தா மல்லாட்டை மண்ணுக்குள்ளயே மொளைச்சுடும், புடுங்கிட்டு வர்றேம்மான்னு சொன்னேன். எவ்ளோ பாக்கின்னு கேட்டுச்சு. கைய நீட்டிக் காட்டினேன். பொடவைய இழுத்து சொருவிக்கினு எறங்கிடுச்சு! எம் பொஞ்சாதியே தம் புடிச்சு நிக்கிறா, இது பாட்டுக்கும் புடுங்கிக்கினே போவுது. சும்மா பேஜாரு பண்ணிடுச்சு டாக்டரு!"

"முடிச்சாதான் வர்றேன்னாரு. முடிச்சாச்சு" என்றார் அக்கா. "ஜல்தியா காலப் பாருங்க டாக்டர்."

கட்டை அவிழ்த்தேன். புண் மோசமாகத்தான் இருந்தது. ஆனால் விரல் இன்னும் கருக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் விழுப்புரம்தான். ஒரு மணி நேரம் கழுவிச் சுத்தம் செய்து கட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தார். இன்றைக்கும் பத்து விரலோடுதான் கொல்லைக்குப் போகிறார்.

அன்று கட்டுப்போட்டு முடித்து வெளியே வந்தேன். சொல்லாமல் லீவு போட்டதற்கு அக்காவைத் திட்டுவதா, நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் மண் அப்படியே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த மனுஷி மேல் பிரியம் பொங்கியது.

இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட என் மேசையில் இருந்த மணியை நான் அடிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நானே எழுந்து வந்து, காதருகில் குனிந்து, அக்காவுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பெயர் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.