மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு பல்லி விசாரணை

கடலூர் முதுநகர்
செவ்வாய்

அன்புள்ள மச்சான் சார்லஸுக்கு,

மரியலூர்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா புஷ்பமேரியும் சுகம். சிதம்பரத்தில் உன் சுகத்தை மாதா பார்த்துக்கொள்வாள் என்பதால் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உன் அக்கா படித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

நீ கொண்டுவந்த சம்பந்தம் விஷயமாக எனக்குச் சந்தேகம். மாப்பிள்ளைப் பையன் ஜெபஸ்டின் பல்லி ஆராய்ச்சி என்றான், சரி. அந்தப் பல்லி அந்தமானுக்கும் அப்பால் ஒரே ஒரு தீவில்தான் இருக்கிறதாம், உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம், அதைப் பார்க்க வருஷாவருஷம் போவானாம், அங்கே டவரும் இல்லையாம். நம் சமையலறைச் சுவரில் இல்லாத பல்லியா, மச்சான்? வேறு குடும்பம் எதையாவது அங்கே வைத்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? போட்டோ காட்டச் சொன்னேன். இரண்டு கையாலும் பல்லியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அப்படியென்றால் போட்டோ எடுத்தது யார்?

கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது. கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் அதற்குள் சொன்னால்தான் உண்டு என்று பங்குச் சாமியாரிடம் ஓடினேன்.

"பொண்ணோட அப்பாவே தடை சொல்றீங்களா? என்ன தடை?"

"பல்லி, சாமி."

"அதுக்கெல்லாம் திருச்சபைச் சட்டத்துல எடமில்ல. வீட்டுக்குப் போங்க."

இருப்பது ஒரே மகள். சகாய பிரியாவையும் கூட்டிப்போய் அந்தத் தீவுப் பாறையில் உட்கார வைத்துவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்? பயமாக இருக்கிறது, மச்சான். நீ உடனே கீழவீதியில் அவன் படிக்கும்போது தங்கியிருந்த வீட்டுக்குப் போய், பல்லியைக் காரணம் காட்டி வேறெங்காவது போவானா என்று நைசாக விசாரி. தாய்மாமன் நீ, உனக்கும் பொறுப்பு இருக்கிறது.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர். ஆரோக்கிய மாதா உங்கள் வாசலை விட்டு நகராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத உன் மாமா,
மரியலூர்து

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். போட்டோ எடுத்தது வனக்காவலராம், மீசையோடு அவர் படத்தையும் காட்டினார். அதே தீவில் இவர் புதிதாக இன்னொரு பல்லி கண்டுபிடித்திருக்கிறாராம். அதற்கு என் பெயரை வைக்கப் போகிறாராம்! உலகத்துப் புத்தகத்திலெல்லாம் மரியலூர்து என்றே இருக்குமாம். நம் பங்கில் யாருக்குக் கிடைத்தது இந்தப் பாக்கியம்? ஆகவே கீழவீதிக்குப் போகாதே. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து மூன்றாம் ஓலையைக் கேள், முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன். ஒன்று மட்டும். "என் பல்லி எப்படியிருக்கும்?" என்று கேட்டேன். மாப்பிள்ளையும் பிரியாவும் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பதை மட்டும் விசாரித்து எழுது.