பாதுகாப்பு வாத்தியாரும் இருநூற்றுப் பதினேழாம் நம்பரும்

பாதுகாப்பு வாத்தியார் என்றோர் இனம் உண்டு. மலையகத்தில் ஹட்டனுக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. நமக்கு ஆறு மாதம் முன்னால் போன் வாங்கியவர். அந்த ஆறு மாத மூப்பை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டின் ஆபத்துகளிலிருந்து நம்மைக் காப்பாற்றியே தீருவார். "தெரியாத லிங்க்கத் தொடாதீங்க" என்று கல்யாண வீட்டில் சொல்வார், கருமாதியில் சொல்வார், டிக்கோயா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிவிட்டால் அவருடைய போனிடமே சொல்வார். லிங்க்கைத் தொட்டதால் கினிகத்தேனையில் ஒருவருடைய போன் வெடித்து, வீட்டுக் கூரைத் தகரம் பறந்துபோய் ஆற்றுக்கு அக்கரையில் விழுந்தது என்பார். தகரத்தை யார் பார்த்தது? அவர்தான் பார்த்தார்.

நம் கஜேந்திரன் அந்த இனத்தில் அசல். டிக்கோயாவில் போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் கடை. கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஒருநாள் வந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அறுபது பெண்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதே, பிள்ளை பெயரை வைக்காதே, போனுக்கு வருகிற ஆறு இலக்கத்தைப் பெற்ற தாய்க்கும் சொல்லாதே. எல்லாம் சரி.

"அப்ப எதத்தான் வைக்கிறது தம்பி? மறந்து போகுமே" என்றாள் நாகலெட்சுமி.

வாத்தியார் கண்ணை மூடினார். திறந்தார். "தோட்டத்துப் பேரப் போடுங்க. பின்னால உங்க பேர் நம்பரப் போடுங்க. செத்தாலும் மறக்காது."

பேர் நம்பர் என்பது செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இருக்கும் எண். நாகலெட்சுமிக்கு இருநூற்றுப் பதினேழு. தோட்டத்தின் பெயர் மடுவத்துச் சுவரில் ஓர் அடி உயர எழுத்தில் இருந்தது. நம்பரையோ, ஒவ்வொரு நிறுவையின்போதும் கணக்கப்பிள்ளை கூவுவார். அவர் கூவினால் பட்டிப்பொல ஸ்டேஷனில் கொடி பிடித்தவர் ரயிலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். இதை யாராவது யோசித்தார்களா? அறுபது பேரும் போனை முந்தானையால் மூடிக்கொண்டு, பரம ரகசியமாக அதையே அடித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நாகலெட்சுமியின் பேஸ்புக் திறக்க மறுத்தது. மகள் லோஜினிக்குக் குவைத்தில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மட்டும் பேச விடுவார்கள்; அவள் முகத்தைப் பார்க்க இது ஒன்றுதான் வழி. போன வாரம் காய்ச்சல் என்றிருந்தாள். இப்போது மணி நாலரை.

நல்லவேளை, இரண்டாம் பாடத்துக்காகக் கஜேந்திரன் மடுவத்துக்கு வந்திருந்தார்.

"பாஸ்வேர்ட யாருக்காவது சொன்னீங்களாக்கா?"

"எம் புருஷனுக்கே சொல்லல."

"பிறகு எப்படிப் போச்சு?"

"இருநூத்திப் பதினேழு, நாகலெட்சுமி, பதினாறு கிலோ" என்று தராசுக்குப் பின்னாலிருந்து கூவினார் கணக்கப்பிள்ளை.

அறுபது பேரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். உள்ளே புகுந்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. அங்கே எல்லாருக்கும் காது இருந்தது. வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"வைரஸா இருக்கும்."

சொல்லிக்கொண்டே அவள் கணக்கை மீட்கத் தன் போனில் எதையோ தட்டினார். நாகலெட்சுமியின் போன் சிணுங்கியது. ஆறு இலக்கம்.

"அதச் சொல்லுங்கக்கா, சீக்கிரம்."

அவள் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். மணி நாலு ஐம்பது. "பெத்த தாய்க்கும் சொல்லாதீங்கன்னீங்களே தம்பி."

"நான் என்ன, யாரோவா?"

"எங்கம்மாவ விடக் கிட்டத்துச் சொந்தமா?"

கூடைகளுக்கு நடுவே சிரிப்பு எழுந்தது. "எங்க அடிக்கணும்னு காட்டுங்க. எம் போன்ல நானே அடிச்சுக்கிறேன்" என்றாள். அவர் காட்டினார். அவளே அடித்தாள். புதுப் பாஸ்வேர்டையும் சுவருக்கு முதுகு காட்டி நின்று அவளே வைத்தாள். ஐந்து மணிக்குத் திரையில் லோஜினி வந்தாள், தலையில் துண்டோடு. "காய்ச்சல் விட்டுருச்சும்மா. நீங்க ஏன் அழுறீங்க?"

பேசி முடித்ததும் கஜேந்திரன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். மட்டையில் 'இரகசியம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. உள்ளே அறுபது பெண்களின் பாஸ்வேர்டும் வரிசையாக; யாரும் சொல்லவில்லை, தோட்டத்துப் பேரோடு நம்பரைச் சேர்த்து அவரே எழுதிக்கொண்டது. கடையில் அது நூல் கட்டி, வருகிறவர் போகிறவர் கைக்கு எட்டும் ஆணியில் தொங்கும்.

"புதுசு என்னன்னு சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன். மறந்தா நான் இருக்கேன்ல."

"மறந்துட்டேன் தம்பி" என்றாள் அவள், அந்த நிமிடமே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது உங்கள் பாஸ்வேர்டையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தீர்கள்தானே? அதில் மகன் பெயர் இல்லையே? வீட்டு நம்பர் இல்லையே? என் காதில் மட்டும் சொல்லுங்கள். பத்திரமானதுதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.

நான் என்ன, யாரோவா?