மாப்பிள்ளை வீட்டு அழகுப் புல்

திருச்செங்கோடு,
மார்கழி 20.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஈஸ்வர் அவர்களுக்கு,

மாமன் குழந்தைவேல் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் எருமையும் நலம். புனேயில் நீங்களும் அகல்யாவும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புல்தான் அத்தனை சௌக்கியமில்லை. போனில் சொல்ல வாய் வராததால் கடிதம்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே உதவி, தை மாதம் கிரகப்பிரவேசப் புண்ணியார்ச்சனைக்குள், இங்கே நீங்கள் கட்டியிருக்கும் புது வீட்டு வாசலில் அழகுப் புல் வைக்க வேண்டும் என்பது. அதைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அத்தைக்குத் தெரியும். பனி விழுந்ததும் புல் பழுப்பாகும், மாசியில் அடியோடு வெட்ட வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய வெளிநாட்டுக் குறிப்புக் காகிதத்தை நர்சரி பிரபாகரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “நம்மூர்ப் பனிக்குப் புல்லு வாடாதுங்க, மனுசன்தான் தலையில துண்டு கட்டிக்கறான்” என்றார். எல்லாப் புல்லும் இங்கே பிழைக்கும் என்றால் எதைத்தான் எடுப்பது? அவரிடம் இருந்த ஆறு தினுசிலும் ஒவ்வொரு தாள் வாங்கி வந்து எருமைக்குப் போட்டேன். ஐந்தைத் தின்றது. ஆறாவதாக இருந்த சிவப்புப் புல்லை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதையே இருபது தூர் வாங்கி நட்டேன். புல் வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாதுங்க.

எருமையை நினைத்தவன் சென்னியம்மாளை நினைக்கவில்லை. வாசலில் கோரை மண்டிவிட்டதென்று அவளைக் களையெடுக்கக் கூப்பிட்டேன். சிவப்பைத் தொடாதே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். நாற்பது வருஷமாகக் கடலைக்காட்டில் களையெடுத்த கை மாப்பிள்ளை. திரும்பி வந்தால் வாசல் வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. “புல்லுன்னா புடுங்கறதுதானுங்க சாமி, பேசிக்கிட்டே இருந்தனா, கை அதுபாட்டுக்குப் போயிருச்சு” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாளே பிரபாகரிடம் ஓடினேன், சிவப்பு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வெண்ணந்தூர் ஏரிக்கரையில் கடப்பாரை போட்டு நாணலைத் தோண்டி, சின்ன யானை லோடு வண்டியில் ஏற்றி வந்து நட்டேன். போட்டோவில் பார்த்து, “சூப்பர் மாமா, எந்த நாட்டுப் புல்லு? எங்க மேனேஜர் நேரில் பார்க்க வர்றாருங்க” என்றீர்களே, அது இதுதானுங்க. மாமன் ஏமாற்றிவிட்டான் என்று நினைக்காதீர்கள், உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயத்தில் செய்தது. ஆனாலும் புல் பூத்துக் குலுங்குகிறது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்கிறேன். மேனேஜரைத் தைரியமாகக் கூட்டிவாருங்கள், வாசல் என் பொறுப்பு.

மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

இப்படிக்கு, வெட்கத்துடன்,
குழந்தைவேல்

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகும் வழியில் சென்னியம்மாள் எதிரே வந்தாள். “ஏரிக்கரைப் புல்லு உங்க மாப்பிள்ளை ஊட்டு வாசல் வரைக்கும் வந்துருச்சுங்க சாமி. அன்னைக்குச் செஞ்ச தப்புக்கு, இன்னைக்குக் கூலி இல்லாமலே சுத்தமா எடுத்துட்டேன்” என்றாள். பக்கத்திலேயே இருந்த அவள் வீட்டு வாசலைப் பார்த்தேன். இருபது பெயின்ட் டப்பாவில் நம் சிவப்புப் புல் தளதளவென்று நிற்கிறது. நிறம் நன்றாக இருந்ததால் எறிய மனசு வரவில்லையாம். மேனேஜரை அங்கேயே கூட்டிப் போகலாமா என்று எழுதுங்கள்.