நாரிப்பிடிப்பும் ஒரு தென்மோடிக் கூத்தும்

இந்த வருசம் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தையும் பார்த்தே தீருவதென்று இராசதுரையர் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியது கிணற்றடியில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு. ஆகையால் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

இராசதுரையர் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலின் அடிவயிற்றில் கிடக்கிற சுமையை ஆகாயம் வரை தூக்கி, ஆடாமல் அசையாமல் லொறியில் இறக்கி வைப்பார். வீட்டில் மட்டும் ஒரு கதிரையை இடம் மாற்றுவதென்றாலும் மனைவி தவமலரைக் கேட்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. கூத்துக்கான சட்டம்: வருசத்துக்கு ஒன்று.

சட்டம் சும்மா வரவில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வந்தாரென்றால் மனிதர் ஒரு கிழமைக்கு மனிதராக இருக்கமாட்டார். தேத்தண்ணியை இராகம் இழுத்துக் கேட்பார். மீன்காரனிடம் பாரையின் விலையைத் தாளம் போட்டு விசாரிப்பார். அவன் பயந்து போய் ஒரு மீனை இனாமாகக் கொடுத்துவிட்டு ஓடியதும் உண்டு. ஒருமுறை கிணற்றடியில், ராசா களரிக்குள் வருகிற வரவு ஆட்டத்தை ஆடினார். வாளி கிணற்றுக்குள் போனது, கயிறு பின்னால் போனது, ராசா மயிரிழையில் தப்பினார். அன்றைக்குத்தான் தவமலர் சட்டம் போட்டாள்.

ஒன்றென்றால் எதைப் பார்ப்பது? ஒவ்வொரு வருசமும் அவருக்கு இதே யோசனைதான். வடமோடி என்றால் ஆட்டம். களரி அதிர அதிரச் சண்டை பிடிப்பார்கள். தென்மோடி என்றால் பாட்டு. காதலும் கண்ணீருமாக ஆளை உருக்கிவிடும். ஒன்றைப் பார்த்து மற்றதை விடுகிறவன் சோற்றைத் தின்றுவிட்டுக் கறியைக் கொட்டுகிறவன் என்பது இராசதுரையரின் கட்சி. வெருகல் பக்கத்தில் போட்ட வடமோடியைப் போன மாதம் சட்டப்படி பார்த்து முடித்தாயிற்று. தம்பலகாமத்துத் தென்மோடி இந்தச் சனிக்கிழமை. அதில் ராசாவாக ஆடுகிறவன் குரலை எடுத்தால் தெருநாயும் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்குமாம். அந்தக் குரலைக் கேட்காமல் விட்டால் பிறகு கேட்க என்ன இருக்கிறது என்று அவர் ஏங்கிப்போனார்.

அதே சனிக்கிழமைதான் தவமலரின் தம்பி இராசநாயகம் கந்தளாயில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபூரல். இராசநாயகம் நல்ல மனிதன். ஆனால் வந்தவரை ஒவ்வொரு தரை ஓடாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் விடமாட்டான். போனால் மறுநாள் மத்தியானம் வரை மீள ஏலாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மதிலடியில் சதி தொடங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் றிஸ்வி, பக்கத்து வீட்டுக்காரன், ஆட்டோ ஓட்டுகிறவன்.

"நான் வருத்தம் எண்டு படுத்திடுவன், றிஸ்வி. அவ தனியப் பஸ்ஸில கந்தளாய்க்குப் போவா. பொழுதுபட நீ ஆட்டோவைக் கொண்டு வா. விடிய முதல் ரெண்டு பேரும் வந்திடலாம்."

"என்ன வருத்தம் அண்ணன்? காய்ச்சலா?"

"தேமாமீற்றர் வைச்சுப் பார்ப்பா."

"வயித்தால போகுதெண்டு சொல்லுங்களன்."

"நாலு நாளைக்குக் கஞ்சி தருவா."

"தலையிடி?"

"தலையிடிக்கு இந்த வீட்டில லீவு இல்லை தம்பி." இராசதுரையர் வானத்தைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "நாரிப்பிடிப்பு! இடுப்புக்கு மீற்றரும் இல்லை, கஞ்சியும் இல்லை. பிடிச்சுதெண்டால் பிடிச்சதுதான்."

"பொய் சொல்லுற பாவம் உங்களுக்கு அண்ணன். ஆட்டோ ஓடுறது மட்டும்தான் என்ட வேலை," என்று றிஸ்வி கணக்கைத் தீர்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை தவமலர் குசினியில் நிற்கிற நேரம் பார்த்து இராசதுரையர் வாளியைத் தூக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"ஐயோஓஓ... என்ர நாரீஈஈ..."

எத்தனை வருசக் கூத்து இரசனை! ஒப்பாரி தானாகவே இராகத்தில் ஏறி, மேலே போய் ஒரு சுழி சுழித்து இறங்கியது. தவமலர் கையில் அகப்பையோடு ஓடி வந்தாள்.

"என்னப்பா? என்ன நடந்தது?"

"பிடிச்சிட்டுது தவம். அசைய ஏலாமக் கிடக்கு."

"எந்தப் பக்கம்?"

இதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. "இடப்பக்கம்," என்றார், வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு.

தவமலர் அவருடைய கையைப் பார்த்தாள். கைத்தாங்கலாகக் கூட்டி வந்து விறாந்தையில் பாய் விரித்துக் குப்புறக் கிடத்தினாள். நல்லெண்ணெய் தடவினாள். தவிட்டை வறுத்துச் சீலையில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். முகத்தில் ஒரு சுழிப்புக் கிடையாது, வாயில் ஒரு ஏச்சுக் கிடையாது. அவள் ஏசியிருந்தால் இராசதுரையருக்குச் சுகமாக இருந்திருக்கும். இந்தப் பரிவு அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இப்படிப்பட்ட மனுசியை ஏமாற்றுகிறோமே என்று உண்மையாகவே கவலைப்பட்டார். ஆனால் கூத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுக்கும் அளவுக்குக் கவலைப்படவில்லை.

"நீர் கந்தளாய்க்குப் போம் தவம். எனக்காக நிக்க வேண்டாம். இரவும் அங்கேயே தங்கும். நாளைக்கு ஆறுதலா வாரும்."

"உங்களை இப்பிடிக் கிடக்க விட்டிட்டு நான் எந்த வாயால அங்க பால்சோறு தின்னுறது? பொறுங்கோ. உங்களைச் சுகப்படுத்திப்போட்டுத்தான் நான் படலை தாண்டுவன்."

போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கியதும் சைக்கிள் நிம்மதியாக மேலே எழும்பியது. விறாந்தை வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"இவர் வினோஜன் தம்பி," என்றாள் தவமலர். "துறைமுகத்தில மூட்டை ஏத்துறவர். காலால பிறந்தவர். அங்க ஆருக்கு நாரி பிடிச்சாலும் இவர்தானாம் உழக்குறது. பக்கத்து வீட்டு ஹுஸ்னியாதான் நம்பர் தந்தவ."

தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வரப் பிறந்தவர் ஏறி உழக்கினால் எந்த நாரிப்பிடிப்பும் விட்டுப்போகும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. இராசதுரையரும் அதை நம்புகிறவர்தான். அவர் வினோஜனின் பாதங்களைப் பார்த்தார். அவை பிறந்தபோது அந்தத் தாய் பட்டிருக்கக்கூடிய பாட்டை நினைத்து அவருக்கு வியர்த்தது.

"பயப்படாதேங்கோ ஐயா. மூண்டு தரம் உழக்கினால் காணும். எனக்கும் வேலை கிடக்கு. இண்டைக்கு இரவு எங்கட தம்பலகாமத்தில கூத்து. நான்தான் ராசா."

"நீரோ அந்த ராசா!" இராசதுரையர் துள்ளி எழும்பப் பார்த்து, பாதியில் நாரியின் நினைவு வந்து திரும்பப் படுத்தார். தவமலர் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் உழக்கு. துறைமுகத்தில் அவர் தூக்கிய சுமைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவர் மேல் இறங்கின.

"விட்டிட்டுதோ?" என்று கேட்டாள் தவமலர். "விட்டிட்டுதெண்டால் எழும்பி முகத்தைக் கழுவுங்கோ. வேட்டி மினுக்கி வைச்சிருக்கிறன். ரெண்டு பேருமாத் தம்பி வீட்டை போவம்."

விட்டுவிட்டது என்றால் கந்தளாய். விடவில்லை என்றால் வினோஜன். இராசதுரையர் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் மச்சான் தரை ஓட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

"இல்லை, தவம். அப்பிடியேதான் கிடக்கு."

இரண்டாவது உழக்கு. இதற்கு இராகம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

"இப்ப?"

"இ... இல்லை."

"பாவம். பொல்லாத பிடிப்புப் போல," என்று தவமலர் உச்சுக் கொட்டினாள். "தம்பி, கொஞ்சம் வடிவா உழக்கும்."

மூன்றாவதையாவது வாய் மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். ஆனால் கூத்துப் பைத்தியம் நாரிக்குள் இல்லையே, தலைக்குள் அல்லவா இருக்கிறது. அந்த நிலையிலும் மனிதர் கழுத்தை மட்டும் திருப்பிக் கெஞ்சினார்.

"ராசா... அந்த வரவுப் பாட்டை ஒருக்காப் படிச்சுக்கொண்டு உழக்குமன்."

வினோஜன் கலைஞன். கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவன். தொண்டையைச் செருமினான்.

"மணிமுடி மின்னவே வந்தானே — மன்னன்
மாநிலம் போற்றவே வந்தானே..."

ஆகா! அது குரல். தெருநாயைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. இராசதுரையரின் கண் கலங்கியது. பாட்டு வந்தால் வினோஜனுக்குக் கால் சும்மா இராது. முதல் அடிக்கு அவன் வலக்கால் தாளம் போட்டது, இரண்டாம் அடிக்கு இடக்கால். "வந்தானே" என்று முடித்த இடத்தில் களரியில் குதிக்கிற அதே குதியைக் குதித்துவிட்டான். இராசதுரையரின் இடுப்புக்குள் எங்கேயோ 'மளுக்' என்றது. அவர் வாழ்நாளில் கேட்ட பாட்டுகளிலே இதுதான் அடியாழம் வரை இறங்கியது.

"இப்ப எப்பிடி?" தவமலர் குனிந்து கேட்டாள்.

அவர் பாயைக் கையால் பிறாண்டினார். இந்தமுறை அதில் நடிப்பில்லை.

"விட்டிடும் அக்கா. ஆனால் ஐயா ஒரு கிழமைக்கு எங்கையும் போகப்படாது. பனி கூடாது, நிலத்தில குந்தவும் கூடாது," என்று சொல்லிவிட்டு வினோஜன் செருப்பைப் போட்டான். "நீங்கள் இரவு கட்டாயம் வாங்கோ. முன்னுக்கு இடம் வைக்கிறன்."

தவமலர் அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது பட்டுச்சேலையும் நெற்றியில் சந்தனமுமாக இருந்தாள். அது குடிபூரலுக்கு. கக்கத்தில் ஒரு பாய், கையில் ரோர்ச் லைற். அது குடிபூரலுக்கல்ல. பாய் அவருடைய கூத்துப் பாய்.

"எங்க போறீர் தவம்?"

"தம்பி வீட்டை போட்டு, பொழுதுபடத் தம்பலகாமம். கூத்துப் பார்க்க."

"கூத்தோ! உமக்குத்தான் கூத்துப் பிடிக்காதே!"

"ஆர் சொன்னது? நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?" அவள் குரல் சட்டென்று தணிந்தது. "கலியாணம் முடிச்ச நாள் தொட்டு நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தனியப் போறீங்கள். நானும் வாறனோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருப்பீங்களோ? நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்."

இராசதுரையருக்கு நாரியை விட இது வலித்தது. உண்மைதான். ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றவுமில்லை. பெரிய பாயாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்று இப்போது தோன்றியது.

வெளியே ஆட்டோவின் கோர்ன் கேட்டது. றிஸ்வியின் ஆட்டோ. பின்சீற்றில் அவன் மனைவி ஹுஸ்னியா ஒரு சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தாள். றிஸ்வி படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தான். முகம் கொடுக்க முடியாமல் மாமரத்தைப் பார்த்துக் கதைத்தான்.

"நான் ஒண்டும் சொல்லல்ல அண்ணன். ஹுஸ்னியா நேற்று மதிலுக்குப் பக்கத்தில உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நிண்டிருக்கா. ஆட்டோ ஓடுறது மட்டும்தான் என்ட வேலை."

எல்லாம் போய்விட்டது. கூத்து போனது, பாய் போனது, ஆட்டோவும் போகிறது. இனி உண்மை ஒன்றுதான் மிச்சம். இராசதுரையர் அதையும் எடுத்துவிட்டார்.

"தவம், நில்லும்! எனக்கு நாரி பிடிக்கவேயில்லை. பொய் சொன்னனான். என்னை மன்னிச்சு என்னையும் கூட்டிக்கொண்டு போம். உமக்குப் பக்கத்தில இருந்து பார்க்கிறன்."

சொல்லிக்கொண்டே ஆவேசமாக எழும்பினார். அரைச்சாண் எழும்பியிருப்பார். பிடித்தது. இடப்பக்கமும் பிடித்தது, வலப்பக்கமும் பிடித்தது. பழையபடி பாயில் விழுந்தார்.

தவமலர் திரும்பி வந்தாள். போர்வையை இழுத்து அவர் நாரிக்கு மேல் பக்குவமாகப் போர்த்தினாள். தண்ணீர்ச் செம்பைக் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தாள். தலையை ஒருமுறை தடவிக்கூட விட்டாள்.

"சோறு மேசையில கிடக்கு. ஹுஸ்னியாட மாமி மத்தியானம் வந்து எடுத்துத் தருவா. உங்களுக்கு நாரி பிடிக்கேல்லை எண்டது எனக்கு நேற்றே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ அவனைக் கூப்பிட்டு உழக்குவிச்சனீர்?"

"பின்னே? நாலு பேருக்கு முன்னால என்ர மனுசன் சொன்ன சொல்லுப் பொய்யாப் போகலாமே?"